பாதுகாவலர்களின் பள்ளிக்கூடம்

1922 மே மாதம் தென்மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவின் தென்பகுதியில், நாய்க்குப் போட்ட வரி ஒன்று போரில் போய் முடிந்தது. பொண்டல்ஸ்வார்ட் என்று அழைக்கப்பட்ட நாமா இனக்குழுவினர் ஆடுமாடு மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். மந்தைக் காவலுக்கும் வேட்டைக்கும் நாய்தான் துணை. நாய் இருக்கும்வரை வெள்ளையர் பண்ணைகளில் கூலிக்குப் போகவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அங்கே ஆட்சி செய்த தென்னாப்பிரிக்க நிர்வாகத்துக்கோ பண்ணைக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1921இல் நாய் வரி கடுமையாக உயர்ந்தது. கையில் காசே புழங்காத மக்கள் கட்ட வழியில்லாமல் முரண்டு பிடித்தார்கள். நிர்வாகம் படையை அனுப்பியது. இரண்டு விமானங்கள் வந்து குண்டு போட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

காலனி நாடுகளுக்கு இது பழகிய கதை. ஆனால் இந்த முறை கொன்றவர்கள் ஜெனீவாவில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்தும் துருக்கியிடமிருந்தும் பறித்த நிலங்களை வென்றவர்கள் நேரடியாகச் சொந்தமாக்கிக் கொள்ளவில்லை. சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சாசனத்தில் 22ஆம் விதி என்று ஒன்றை எழுதி, அதன்படி ‘ஆணையாட்சி’ என்ற பெயரில் பொறுப்பேற்றுக் கொண்டார்கள். சொந்தக் காலில் நிற்க இன்னும் தகுதி பெறாத மக்களை, முன்னேறிய நாடுகள் பாதுகாவலர்களாக இருந்து வளர்த்தெடுக்கும் என்பது அந்த விதியின் சாரம். மக்கள் எந்த அளவுக்கு ‘வளர்ந்திருக்கிறார்கள்’ என்பதை வைத்து ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாக நிலங்கள் பிரிக்கப்பட்டன. சிரியா, ஈராக், பாலஸ்தீனம் ‘ஏ’ வகுப்பு. தென்மேற்கு ஆப்பிரிக்கா கடைசி வகுப்பு. ஆண்டுக்கொரு முறை ஆட்சியாளர்கள் அறிக்கை அனுப்ப வேண்டும். அதை நிரந்தர ஆணையாட்சி ஆணையம் வாசித்துக் கேள்வி கேட்கும். பொண்டல்ஸ்வார்ட் கொலைகளை 1922இல் சங்கத்தின் பேரவையில் எழுப்பியவர் ஹெய்ட்டி நாட்டின் பிரதிநிதி தாந்தெஸ் பெல்கார்டு என்ற கறுப்பினத்தவர். மறுவருடம் ஆணையம் விசாரித்தது. விளக்கம் சொல்ல வந்தவர் தென்மேற்கு ஆப்பிரிக்க நிர்வாகத்தின் செயலாளர். பொண்டல்ஸ்வார்ட் மக்களில் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஆணையத்தினர் ஒருமித்த முடிவுக்கு வரவும் இல்லை.

இந்த விசாரணைக்கான கோப்புகளைக் கட்டித் தயார்செய்த அலுவலகத்தின் தலைவர் வில்லியம் ரப்பார். 1927இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து ஜெனீவாவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சர்வதேச உறவுகளைத் தனித் துறையாகக் கற்பிக்கவென்றே எழுந்த உலகின் மிகப் பழைய பட்டமேற்படிப்பு நிறுவனங்களில் ஒன்று அது. இன்று ஜெனீவா கிராஜுவேட் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். சர்வதேச உறவுகளும் வளர்ச்சி ஆய்வும் ஒரே கூரையின் கீழ். கோஃபி அன்னான் படித்த இடம், கெல்சன் கற்பித்த இடம் என்று அதன் பெருமைகளைப் பட்டியலிடுவது எளிது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இந்தப் படிப்பின் பிறப்பிடம் தத்துவமோ வரலாறோ அல்ல. பாதுகாவலன் தன் பொறுப்பில் இருப்பவனைப் பற்றி எழுதும் ஆண்டறிக்கை. அந்தப் பிறப்பின் தடம் இரண்டு துறைகளிலும் இன்னும் அழியவில்லை.

ரப்பார் 1883இல் நியூயார்க்கில் பிறந்த சுவிஸ்காரர். ஹார்வர்டில் பொருளியல் கற்பித்துவிட்டு ஜெனீவா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனை நேரில் சந்தித்துப் பேசக்கூடிய இடத்தில் இருந்தார். 1919இல் சங்கத்தின் தலைமையகத்துக்கு பிரஸ்ஸல்ஸ் போட்டியிட்டபோது ஜெனீவாவுக்காகப் பின்னணியில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1920 முதல் ஆணையாட்சிப் பிரிவின் இயக்குநர். 1925இல் அந்தப் பதவியை விட்டு ஆணையத்தின் உறுப்பினர். பள்ளி தொடங்கிய ஆண்டில் ஜெனீவா பல்கலைக்கழகத்தின் ரெக்டரும் அவரே. கூட்டாளி பால் மாந்து பிரெஞ்சுக்காரர், தொழிற்புரட்சி பற்றி 1906இலேயே பெருநூல் எழுதிய வரலாற்றாளர். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் வில்சன், லாயிட் ஜார்ஜ், கிளெமென்சோ, ஒர்லாந்தோ நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு உலகைப் பங்கு போட்டபோது உடனிருந்த மொழிபெயர்ப்பாளர். அவர் எடுத்த குறிப்புகள் 1955இல்தான் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. ஒருவர் முடிவுகள் பிறந்த அறையில் இருந்தவர், மற்றவர் அந்த முடிவுகள் தூர தேசங்களில் என்ன ஆயின என்ற அறிக்கைகளைப் படித்தவர். இதைவிடப் பொருத்தமான இணையை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஆணையத்தின் நடைமுறையை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஆணையாட்சி நிலத்தில் வாழ்பவர் ஜெனீவாவுக்கு மனு எழுதலாம். ஆனால் தன்னை ஆளும் நிர்வாகத்தின் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். நிர்வாகம் தன் விளக்கத்தையும் சேர்த்து அனுப்பும். மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்கலாமா, ஆட்சியாளர்களுக்கு இன்னும் விரிவான கேள்விப் பட்டியல் அனுப்பலாமா என்று 1926இல் ஆணையம் யோசனை தெரிவித்தபோது, வல்லரசுகள் கொதித்துப் போயின. பிரிட்டனின் ஆஸ்டின் சேம்பர்லின் முன்னின்று எதிர்க்க, யோசனை கைவிடப்பட்டது. ஆணையத்தில் இருந்தவர்களில் பலர் முன்னாள் காலனி அதிகாரிகள். அவர்களில் பெயர் பெற்ற லுகார்டு பிரபு நைஜீரியாவை ஆண்டவர். பிறந்தது நம் சென்னையில், 1858இல். இந்தியாவின் நிலையும் ஒரு வேடிக்கை. அடிமை நாடாக இருந்தபோதே அது சங்கத்தின் நிறுவன உறுப்பினர். 1921 பேரவைக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனவர் வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. தன் நாட்டைத் தான் ஆள முடியாத ஒருவர் உலகை எப்படி ஆள்வது என்ற பேச்சில் நாற்காலி பெற்று உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கு வருவோம். தொடக்க காலப் பணத்தின் பெரும்பங்கு ராக்ஃபெல்லர் அறக்கொடையிலிருந்து வந்தது. அந்தப் பணமும் சுவிட்சர்லாந்தின் நடுநிலையும் சேர்ந்ததால் 1933க்குப் பிறகு நாஜிகளிடமிருந்து ஓடிவந்த அறிஞர்களுக்கு ஜெனீவா புகலிடமாயிற்று. கொலோன் பல்கலைக்கழகம் துரத்திய ஹான்ஸ் கெல்சன் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார். பிரெஞ்சில் வகுப்பெடுக்கப் பழகிக்கொண்டார். ஆஸ்திரியக் குடியரசின் அரசியல் சட்டத்தை வடித்தவர், சட்டத்தை அரசியலின் கறைபடாமல் ஆராய வேண்டும் என்றவர். அதே நகரில் பேராசிரியர் தகுதிக்காக ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துத் தடுமாறிக்கொண்டிருந்த இளம் யூத வழக்கறிஞர் ஹான்ஸ் மார்கென்தாவ். முதல் மதிப்பீட்டாளர்கள் நிராகரித்த ஆய்வேட்டைக் கெல்சன் ஆதரித்ததால் அவர் தப்பினார். 1948இல் அமெரிக்காவில் மார்கென்தாவ் எழுதிய நூல்தான், அதிகாரமே அரசுகளை இயக்குகிறது, சட்டம் அதற்குப் பின்னால்தான் வரும் என்ற கட்சியின் பாடநூலானது. தன் கொள்கைக்கு நேர் எதிரே போகப்போகிறவருக்குக் கெல்சன் கைகொடுத்தார். கல்விக்கூடத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

பொருளியலாளர் லுட்விக் வான் மிசஸ் 1934இல் வியன்னாவிலிருந்து வந்தார். நான்கு ஆண்டு கழித்து நாஜிகள் அவர் வியன்னா வீட்டுக்குள் புகுந்து காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். அவை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மாஸ்கோவில் அகப்பட்டன. பிரான்ஸ் வீழ்ந்த 1940 கோடையில் அவர் பேருந்தேறி, ஜெர்மன் படைகளுக்கு இடையே பிரான்ஸைக் கடந்து, லிஸ்பன் வழியே நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அதே துறையினரான வில்ஹெல்ம் ரொப்கே 1937இல் வந்து, 1966இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். லண்டனிலிருந்து லயனல் ராபின்ஸும் ஹாயெக்கும் வந்து சொற்பொழிவாற்றினார்கள், அவை நூல்களாயின. 1947 ஏப்ரலில், சுவிஸ் மலைச்சரிவிலுள்ள மோன் பெலரான் என்ற ஊரில், தாராளவாதப் பொருளியலாளர்கள் தங்கள் சங்கத்தைத் தொடங்கிய கூட்டத்தில் தொடக்க உரை ரப்பாருடையது. அதே மாதம் ஜெனீவாவில் காட் வணிக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை தொடங்கியது. உலக வணிக அமைப்பு இன்று இருக்கும் ஏரிக்கரைக் கட்டடத்துக்கு ரப்பாரின் பெயர்.

வரலாற்றாளர் குவின் ஸ்லோபோடியன் 2018இல் எழுதிய நூலில் இந்த வட்டத்தை ‘ஜெனீவாப் பள்ளி’ என்கிறார். சந்தையை அவிழ்த்துவிட்டால் போதும் என்று இவர்கள் நினைக்கவில்லை. புதிதாக விடுதலை பெறும் நாடுகளின் மக்களாட்சி கைவைக்க முடியாதபடி சந்தைக்கு ஒரு சர்வதேச வேலி கட்ட நினைத்தார்கள் என்பது அவர் வாதம். வாதம் சில இடங்களில் இழுத்துக் கட்டியதுபோல் இருந்தாலும் ரொப்கே விஷயத்தில் மறுப்பதற்கில்லை. 1964இல் அவர் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை நியாயப்படுத்தி எழுதினார். நாய் வரி போட்ட அதே ஆட்சியின் வாரிசு அது. தென்மேற்கு ஆப்பிரிக்கா அப்போதும் அதன் பிடியில்தான் இருந்தது. ஆனால் பள்ளி ஒரு கட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல. 1930-31இல் அங்கே இணைப் பேராசிரியராக இருந்தவர் சுவீடனின் குன்னர் மிர்தால். பின்னாளில் தெற்காசிய வறுமையைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர், அரசுத் திட்டமிடலின் வக்கீல். 1974இல் பொருளியல் நோபல் பரிசை மிர்தாலும் ஹாயெக்கும் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரு வரிகூட ஏற்றிருக்க மாட்டார்.

1961க்கு வந்தால் கதை இரண்டாகக் கிளைக்கிறது. அந்த ஆண்டு கானா நாட்டு இளைஞர் கோஃபி அன்னான் ஏரிக்கரைப் பள்ளியில் சேர்ந்தார். பட்டம் முடிக்காமலே மறுவருடம் உலக சுகாதார நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அதே 1961இல் ஜெனீவாவில் தனியாக இன்னொரு நிறுவனம் முளைத்தது: ஆப்பிரிக்க நிர்வாகிகளைப் பயிற்றும் மையம். அதற்கு முந்தைய ஒரே ஆண்டில் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. அவற்றுக்கு அதிகாரிகள் வேண்டும். பெயரிலேயே பழைய வாடை. நேற்றுவரை காலனி ஆட்சியில் இருந்தவர்களுக்கு இன்று வகுப்பறை. ஆனால் இந்த இரண்டாம் வீடு முதல் வீட்டைப் போல் வளரவில்லை. ஆப்பிரிக்க நிறுவனம் என்றும், பிறகு 1970களில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் என்றும் பெயர் மாறியது. ஆசிரியர்கள் களத்துக்குப் போனார்கள், மானிடவியல் படித்தார்கள். தாங்கள் கற்பிக்கும் வளர்ச்சியின் மீதே அவர்களில் சிலருக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் கில்பெர் ரிஸ்ட். 1996இல் பிரெஞ்சில் வெளிவந்த அவர் நூல், வளர்ச்சி என்பது மேற்குலகம் தனக்காகக் கட்டிக்கொண்ட ஒரு நம்பிக்கை, ஏறக்குறைய ஒரு மதம் என்று வாதிடுகிறது. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் பதவியேற்பு உரையின் நான்காம் அம்சமாக வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு உதவி என்று அறிவித்ததையே பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். ரிஸ்ட் அதையும் விரிவாக அலசுகிறார். கூடவே இன்னும் பின்னே போய்ச் சர்வதேச சங்கத்தின் 22ஆம் விதியை எடுத்து வைக்கிறார். மக்களை வளர்ச்சியின் படிநிலை கொண்டு அளந்து, அதைச் சர்வதேச சட்டத்தில் ஏற்றியது அங்கேதான் முதலில் நடந்தது என்கிறார். ரப்பார் நிர்வகித்த அதே விதி. ஒரு நகரத்தின் முதல் பள்ளி எந்த விதியின் நிழலில் பிறந்ததோ, அதை இரண்டாம் பள்ளியின் ஆசிரியர் எழுபது ஆண்டு கழித்துக் கூண்டில் ஏற்றினார்.

2008 ஜனவரி 1 அன்று இரண்டும் ஒன்றாயின. சுவிஸ் கூட்டரசுக்கும் ஜெனீவா மாநிலத்துக்கும் இரண்டு நிறுவனங்களைத் தனித்தனியே தாங்குவதைவிட ஒன்றைப் பெரிதாக்குவது லாபமாகத் தெரிந்தது. 2013இல் செஷெரோன் ரயில் நிலையத்தை ஒட்டி, பழைய தொழிற்சாலைப் பகுதியில், ஆறு கண்ணாடி இதழ்கள் கொண்ட ‘அமைதி இல்லம்’ திறந்தது. பாதுகாப்புக் கொள்கை மையமும் கண்ணிவெடி அகற்றும் மையமும் அதிலேயே குடியிருக்கின்றன. ஏரிக்கரையில் பழைய வில்லா பார்ட்டன் இப்போதும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கன்சல் ஒருவரின் விதவை சுவிஸ் அரசுக்கு எழுதிவைத்த மாளிகை அது. அதன் பக்கத்து வளாகம் உலக வணிக அமைப்பு. சிறிது தூரம் தெற்கே நடந்தால் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இருக்கும் வில்சன் மாளிகை. படிக்கும் இடத்துக்கும் பிற்பாடு வேலை தேடும் இடத்துக்கும் நடுவே ஒரு பூங்காதான்.

அந்தப் பூங்காவைக் கடப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. மாணவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் வெளிநாட்டினர். ஆனால் ஜெனீவா உலகின் மிகச் செலவான நகரங்களில் ஒன்று. ஐ.நா. அமைப்புகளில் நுழைவாயில் பயிற்சிப் பணி. பலவற்றில் நெடுங்காலம் அதற்குச் சம்பளமே கிடையாது. 2015இல் ஒரு பயிற்சி ஊழியர் வாடகை கட்ட முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தி உலகெங்கும் ஓடியது. பிரச்சினையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே அப்படிச் செய்ததாகப் பின்னர் அவரே சொன்னார். அதனால் பிரச்சினை பொய்யாகிவிடவில்லை. கம்பாலாவிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைத்தால் வழியுண்டு, இல்லாவிட்டால் வறுமையைப் பற்றிய படிப்பு வசதியுள்ளவர்களின் படிப்பாகவே நிற்கும். 2025இல் அமெரிக்கா தன் சர்வதேச உதவி நிறுவனத்தையே கலைத்ததும், ஜெனீவா அமைப்புகள் ஆட்குறைப்பில் இறங்கியதும் அந்தப் படிப்பின் வேலைச் சந்தையையும் ஆட்டிவிட்டன.

தமிழருக்கு ஜெனீவா என்றால் முதலில் நினைவுக்கு வருவது மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர். உடைந்த நாற்காலிச் சிற்பம் நிற்கும் சதுக்கத்தில் புலம்பெயர்ந்தோர் கொடி பிடித்து நிற்பதைப் பல ஆண்டுகளாகச் செய்திகளில் பார்க்கிறோம். உள்ளே போய்ப் பேச வேண்டுமானால் ஐ.நா. அங்கீகாரம் பெற்ற ஓர் அரசுசாரா அமைப்பின் பெயரில் அட்டை வாங்க வேண்டும். கிடைப்பது ஓரிரு நிமிடம். 1926இல் மறுத்ததைவிட இது பெரிது. ஆனாலும் பாதிக்கப்பட்டவர் தன் பெயரிலேயே போய் நிற்க இன்னும் அங்கே இடமில்லை.

பழைய ஆணையாட்சிக் கோப்புகளை எதிர்த் திசையிலிருந்து படித்தவர்கள் இருவர் இலங்கையில் பிறந்தவர்கள். ஆணையாட்சி நிலங்களில் ஒன்றான நவூரு பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. அதன் அடியில் பாஸ்பேட். ஆணையாட்சி முறைப்படி ஒப்படைக்கப்படும் முன்பே, 1919 ஜூலையில், பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அந்தப் பாஸ்பேட்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டுவிட்டன. அந்நாடுகளின் விவசாயிகளுக்கு உரம் அடக்க விலையில் போனது. தீவின் நடுப்பகுதி தோண்டித் தீர்க்கப்பட்டது. பாதுகாவலரே வியாபாரியாகவும் இருப்பதைப் பற்றி ஜெனீவா ஆணையம் கேள்வி எழுப்பியது. பதில் வந்தது, கோப்பில் சேர்ந்தது, தோண்டுவது நிற்கவில்லை. 1968இல் நவூரு விடுதலை பெற்றது. 1986இல் அது அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர் சி. ஜி. வீரமந்திரி, இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனவர். அவருக்கு ஆய்வுத் துணையாக இருந்தவர் இளம் ஆண்டனி ஆங்கி. 2005இல் ஆங்கி எழுதிய நூல், சர்வதேச சட்டம் காலனியத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல, அதற்குள்ளேயே உருவானது என்று காட்டியது. ஆணையாட்சி முறை அதன் மையமான அத்தியாயங்களில் ஒன்று. இன்று இந்த நூலை விட்டுவிட்டுச் சர்வதேச சட்ட வரலாற்றைக் கற்பிக்க முடியாது. ரப்பாரின் ஆணையம் தன் நடவடிக்கைகளை ஒளிக்காமல் அச்சிட்டு வைத்திருந்தது இந்த எழுத்துக்கு வழிவிட்டது. அவ்வளவு பெருமையை அவருக்குத் தந்தே ஆக வேண்டும்.

1989இல் நவூரு ஆஸ்திரேலியாவை ஹேக் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1992இல் வழக்கு ஏற்புடையதே என்று தீர்ப்பாயிற்று. 1993இல் ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்து 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. தனக்குப் பொறுப்பு இருப்பதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் 5 கோடி டாலர் 20 ஆண்டுகளில் தவணையாக, வளர்ச்சி ஒத்துழைப்பு என்ற கணக்கில் வந்தது. பாஸ்பேட் பணம் தீர்ந்து தீவு திவாலானதும் 2001இல் ஆஸ்திரேலியா மறுபடியும் வந்தது. இம்முறை உதவிப் பணத்துக்கு ஈடாக, தன் கரைக்கு வந்த அகதிகளை அடைத்து வைக்க இடம் கேட்டது. 2008இல் மூடிய முகாமை 2012 செப்டம்பரில் திரும்பத் திறந்தபோது முதலில் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். 2025 ஜனவரியில், வில்சன் மாளிகையில் கூடும் ஐ.நா. மனித உரிமைக் குழு, இலங்கை உட்பட ஆறு நாடுகளிலிருந்து வந்து சிறுவயதில் நவூருவுக்கு அனுப்பப்பட்ட 24 பேரின் மனுவில் முடிவு சொன்னது. வேறொரு நாட்டு மண்ணில் அடைத்துவைத்ததால் ஆஸ்திரேலியாவின் பொறுப்பு நீங்கிவிடாது என்றது. அந்த மனு அவர்களை அடைத்துவைத்த அரசின் கை வழியே போகவில்லை. குழுவின் முடிவை நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் மட்டும் குழுவிடம் இல்லை.